சிடிஈயின் இடத்தில் வந்தவை

1993ஆம் ஆண்டு சன், ஐபிஎம், எச்பி முதலிய யூனிக்ஸ் பெருநிறுவனங்கள் தத்தம் போட்டியை ஒதுக்கிவைத்துப் பொதுவான மேசைச்சூழல் ஒன்றை அறிவித்தன. சிடிஈ எனப்பட்ட அது, விலைகொடுத்து உரிமம் பெறவேண்டிய மூடிய நிரல்.

1996 அக்டோபர் 14 அன்று டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். பெயரிலேயே சிடிஈயைச் சீண்டும் குறும்பு! ஆயினும் அவர் தேர்ந்த க்யூட்டி நிரல்தொகுதி அப்போது கட்டற்றதாக இல்லை. இலவசமாகக் கிடைத்தது, ஆனால் திருத்திப் பகிரும் உரிமை கிடையாது. வீடு நம்முடையது, மனை அயலாருடையது என்ற நிலை. இதை ஏற்காத மெக்சிகோ இளைஞர்கள் மிகேல் தெ இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். 1998இல் டெபியன் தன் தொகுப்பிலிருந்து கேடிஈயை நீக்கியது.

இதையெல்லாம் வெறும் சமயச் சண்டை என்று நகைப்போர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. 2000 செப்டம்பரில் க்யூட்டி ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளிவந்ததில் அந்தப் பிடிவாதத்திற்குப் பெரும்பங்குண்டு.

அதே ஆண்டில், சிடிஈயைப் பெற்றெடுத்தோருள் ஒன்றான சன் நிறுவனமே சோலாரிசுக்குக் குனோமைத் தேர்ந்தது. 2011இல் வந்த சோலாரிஸ் 11இல் சிடிஈ இல்லை. மறு ஆண்டு, 2012இல், சிடிஈயின் மூலநிரலும் எல்ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. அதைக் கேட்டு வாயிலில் நின்றோர் அதற்குள் வேறு வீடு கட்டிக்கொண்டிருந்தனர்.