நாள் கூலி ஒரு பணம்: மத்தேயு 20



திராட்சத்தோட்டத்துக் கூலியாட்கள் உவமை மத்தேயு சுவிசேஷத்தில் மட்டும்தான் வருகிறது. மற்ற மூன்றிலும் கிடையாது. பிரசங்கங்களில் இதைப் பரலோகத்தோடு பொருத்திச் சொல்லி முடித்துவிடுவார்கள். தவறில்லை. ஆனால் இயேசு கதைக்கு எடுத்துக்கொண்டது கூலி, கடைத்தெரு, சாயும் பொழுது. கூலி வேலையை நம்பிப் பிழைக்கும் நம் பக்கத்து ஆட்கள் அதை நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

முதலில் மணிக்கணக்கு. யூதர்கள் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். மூன்றாம் மணி என்பது காலை 9. பதினோராம் மணி என்பது மாலை 5. ஆக, கடைசியில் வந்தவன் வேலை செய்தது ஒரு மணி நேரம்தான்.

அடுத்து கூலி. பழைய தமிழ் வேதாகமத்தில் 'பணம்' என்று இருக்கிறது. இன்று நாம் பொதுவாகச் சொல்லும் பணம் அல்ல அது. பணம் என்றே ஒரு நாணயம் இங்கே புழங்கியது. சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல் கம்பெனி ரூபாயைக் கொண்டுவந்த பிறகுதான் அந்தக் கணக்கு ஒழிந்தது. மூலத்தில் இருப்பது தெனாரியம் என்ற ரோம வெள்ளிக்காசு. அகஸ்து, திபேரியு காலத்துத் தெனாரியங்கள் கரூர், கோவைப் பக்கம் புதையல்களில் கிடைத்திருக்கின்றன. ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளமே 225 தெனாரியம். எனவே நாளுக்கு ஒன்று என்பது மோசமான கூலி அல்ல. ஆனால் வேலை கிடைத்த நாளுக்குத்தான் அது.

கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. அன்றைய கூலி அன்றைய அடுப்புக்கு. கதையில் எஜமான் சாயங்காலமே கணக்கு முடிப்பது அதனால்தான். "ஏன் சும்மா நிற்கிறீர்கள்" என்று அவர் கேட்கும்போது, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள். அதிகாரத்தின் கனமான இடம் இதுதான் என்பேன். சோம்பேறி என்றால் மாலை 5 மணி வரை கடைத்தெருவில் நிற்பானா? வீட்டுக்குப் போயிருப்பான்.

யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். எருசலேம் தேவாலயக் கட்டுமானம் கி.பி. 60களில் முடிந்தபோது 18,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அதற்கு முன்பு அங்கே ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் உடனே கூலி கொடுக்கப்பட்டதாம். வேலை இழந்தவர்களுக்காக நகரத் தெருக்களில் வெள்ளைக் கல் பாவ இரண்டாம் அகிரிப்பா அனுமதித்தார். நம் நூறு நாள் வேலை போல என்று வைத்துக்கொள்ளலாம்! சில ஆண்டுகளில், கி.பி. 66இல் கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் கடன் பத்திரங்கள் இருந்த இடத்தைக் கொளுத்தினார்கள். அந்த நாட்டில் ஏழைகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதற்கு அது போதும்.

காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் முறுமுறுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். யாராக இருந்தாலும் முறுமுறுப்பார்கள். கடைசியில் வந்தவர்களுக்கு முதலில் கொடுக்கச் சொல்கிறார் எஜமான். மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்றே செய்தது போலிருக்கிறது. ஆனால் பேசிய கூலியில் யாருக்கும் ஒரு காசு குறையவில்லை.

இந்த அதிகாரத்தின் 14ஆம் வசனத்திலிருந்துதான் ஆங்கிலேயர் ஜான் ரஸ்கின் தம் பொருளாதார நூலுக்குத் தலைப்பு எடுத்தார். 1860இல் கட்டுரைகளாக வந்தது அது. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போன ரயிலில் காந்தி அதைப் படித்தார். வக்கீல் வேலைக்கும் நாவிதர் வேலைக்கும் மதிப்பு ஒன்றே என்று அதிலிருந்து கற்றதாகச் சுயசரிதையில் சொல்கிறார். 1908இல் அதைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி, 'சர்வோதயம்' என்று பெயர் வைத்தார்.

அந்தச் சர்வோதயத்தை நம் பக்கம் வாழ்ந்து காட்டியவர் ஜே.சி.குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர், கணக்குத் தணிக்கை படித்தவர். இயேசுவின் போதனைகளைப் பற்றியும் நூல் எழுதினார். கடைசி ஆண்டுகளை தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

இங்கே ஏழாயிரம்பண்ணை வட்டாரத்தில் பெட்டி ஒட்டினாலும் திரி செருகினாலும் பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கை வேகம் குறைந்த வயதான அம்மாவுக்குக் கூலியும் குறையும். மழை பிடித்து மருந்து காயாத நாட்களில் உங்கள் ஊர்களில் ஆட்களுக்கு என்ன கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.