மலைப் பனியூர்தி அதிர்வுத் தாங்கி

மலைப் பனியூர்தி அதிர்வுத் தாங்கி என்பது, ஆழமான தூள்பனியிலும் செங்குத்தான சரிவுகளிலும் ஓட்டப்படும் பனியூர்திகளில் சுமையைத் தாங்கி அதிர்வைத் தணிக்கும் உறுப்பு ஆகும். இது ஷாக் அப்சார்பர் என்றும் அழைக்கப்படும். வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர்ப் பகுதிகளில் இவ்வகை ஊர்திகள் பெருமளவில் பயன்படுகின்றன.

அமைப்பு

பொதுவாக ஓர் ஊர்தியில் நான்கு தாங்கிகள் இருக்கும். இரண்டு, முன்னுள்ள சறுக்குப் பலகைகளுக்கு உரியவை. மற்ற இரண்டும் இரப்பர்ப் பட்டைக்குள் முன்னும் பின்னுமாக அமைந்தவை. இவற்றுள் முன்னது நடுத் தாங்கி எனப்படும்.

வகைகள்

சுருள்வில் தாங்கி எடை மிகுந்தது. ஆனால் குளிரினால் அதன் விறைப்பு பெரிதும் மாறாது. காற்றுத் தாங்கி எடை குறைந்தது. அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பு விரைவாகக் கூடும். கைப்பம்பினால் காற்றழுத்தத்தை மாற்றி, ஓட்டுநரின் எடைக்கேற்ப அதனை எளிதில் சீரமைக்கலாம்.

சீரமைத்தல்

முதலில் வில்லின் விறைப்பையோ காற்றழுத்தத்தையோ ஓட்டுநரின் எடைக்கும் சுமைக்கும் ஏற்ப அமைக்க வேண்டும். பின்னரே எண்ணெயின் தடையை மாற்ற வேண்டும். அமுக்கத் தடை, தாங்கி சுருங்கும் வேகத்தையும், மீள்தடை அது விரியும் வேகத்தையும் கட்டுப்படுத்துகின்றன. மீள்தடை குறைந்தால் ஊர்தி மேடுகளில் துள்ளும். மிகுந்தால், தாங்கி முழுதும் விரியுமுன் அடுத்த மேடு வந்து மோதும்.

பின் தாங்கி மிகத் தளர்வாக இருந்தால் ஏற்றத்தில் பின்பகுதி அமிழ்ந்து முன்பகுதி மேலெழும். அப்போது சறுக்குப் பலகைகள் பனியைப் பற்றாமையால் திருப்பும் திறன் குறையும். ஊர்தி பின்னோக்கிக் கவிழவும் கூடும். நடுத் தாங்கியை இறுக்கினால் திருப்புதல் எளிதாகும். ஆயினும் முன்பகுதி எழும் போக்கு மிகும். கட்டுப்பாட்டு வாரைக் குட்டையாக்குவது இதற்கு நேர் எதிரான விளைவைத் தரும். முன் தாங்கிகளைச் சற்றுத் தளர்த்தினால், சரிவின் குறுக்கே செல்லும்போது ஊர்தியை மலைப்பக்கமாகச் சாய்ப்பது எளிது.

வெப்பநிலையின் தாக்கம்

குளிரில் காற்றின் அழுத்தம் குறைகிறது. 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள கொட்டகையில் சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு என அளவிடப்பட்ட அழுத்தம், கழியம் 20 பாகையில் ஏறத்தாழ 50 பவுண்டாகக் குறையும். ஆகவே வீட்டில் சரியாக அமைத்த ஊர்தி மலையில் தளர்ந்து காணப்படும். ஊர்தியை வெளியில் நிறுத்திக் குளிரவைத்து, தாங்கிகள் முழுதும் விரியுமாறு அதனைத் தூக்கிய பின் அழுத்தத்தை அளப்பதே சரியான முறையாகும்.

பொது விதிகள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதே சரிவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திருகியின் நிலையை, முழுதும் மூடிய நிலையிலிருந்து எண்ணிக் குறித்துவைத்தல் வழக்கம். எண்ணெய் பழுதடைந்தால் தணிக்கும் திறன் குன்றும். அதனைத் திருகியால் ஈடுசெய்ய இயலாது. பல தாங்கிகளில் உயர் அழுத்த நைட்ரசன் அடைக்கப்பட்டிருப்பதால், அவற்றைப் பயிற்சி பெற்றோரே பிரிக்க வேண்டும்.