டெண்டாங் மலை வழிபாடு

இமயத்தின் மடியில் அமைந்த சிக்கிமின் தொல்குடியினர் லெப்சா மக்கள். தம்மை 'ரோங்' என்றே அவர்கள் அழைத்துக்கொள்வர். கஞ்சன்ஜங்காவின் தூய பனியைக் கொண்டு தாய்த்தெய்வம் தம் முதல் பெற்றோரைப் படைத்தாள் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள் அவர்கள் கொண்டாடும் பெருவிழா 'டெண்டாங் லோ ரம் பாத்' என்பதாகும். 'லோ' எனில் மலை. 'ரம்' எனில் தெய்வம். 'பாத்' எனில் வழிபாடு.

இவ்விழாவின் தோற்றம் ஒரு வெள்ளத்தின் கதையே. தீஸ்தா காதலி, ரங்கீத் காதலன். இருவரும் மலையிறங்கிச் சமவெளிக்கு முன் கூடுவதென உறுதி பூண்டனர். தீஸ்தாவுக்குப் பாம்பு வழிகாட்டிற்று. ரங்கீத்துக்குப் பறவை வழிகாட்டிற்று. பறவை இரை தேடி அலைந்தமையால் ரங்கீத் பிந்தினான். முன்னரே வந்து காத்திருந்த காதலியைக் கண்டு நாணிச் சினந்து, மேலே செல்ல மறுத்துப் பின்னோக்கிப் பெருகினான். நாடு நீரில் மூழ்கியது. மக்கள் டெண்டாங் மலையில் ஏறினர். மலையும் கொம்புபோல் உயர்ந்து அவர்களைக் காத்தது. பின்னர்ப் பறவையொன்று கேழ்வரகு மதுவைத் தெளித்து வேண்ட, வெள்ளம் வடிந்தது என்பர். இன்றும் விழாநாளில் கற்களை மலையாக அடுக்கி, 'போங்திங்' எனப்படும் பூசாரி அம்மதுவைப் படைத்து வழிபடுகிறார்.

இதனைக் கட்டுக்கதை என்று ஒதுக்குவார் உளர். இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு அவ்வாறு ஒதுக்க மனம் வரவில்லை. சிலிகுரியிலிருந்து தீஸ்தாப் பள்ளத்தாக்கின் வழியே கியேல் கோலா வரை சென்ற சிறு இருப்புப்பாதையை 1950-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. 1968 அக்டோபரில் தீஸ்தா மீண்டும் பொங்கியது.

ஆற்றின் இயல்பை அறிந்த லெப்சா இளைஞர் சிலர், தீஸ்தாவில் அணைகள் எழுவதை எதிர்த்து 2007-ஆம் ஆண்டு காங்டாக்கில் உண்ணாநோன்பு இருந்தனர். 2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு தெற்கு லோனாக் பனியேரி உடைந்தது. 1,200 மெகாவாட் மின்நிலையத்துக்கென எழுப்பிய சுங்தாங் அணை அவ்வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. உயிரிழந்தோர் பலர்.

சிறு குடியொன்று ஆண்டுக்கொருமுறை கற்களை அடுக்கி நினைவுகூர்வது பழங்கதையை மட்டுமன்று. ஆறு சினங்கொள்ளும் என்னும் பட்டறிவையும் ஆம். எழுதிவைத்த ஏடுகள் நீரில் கரையலாம். விழாவாக வாழும் நினைவு கரைவதில்லை. அதற்குச் செவிசாய்ப்பது சமவெளியில் வாழும் நமக்கும் நலமே.