பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் தேர்வின் வரலாறு

பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் தேர்வு 1935 ஆம் ஆண்டு ஜூன் 1 ஆம் நாள் கட்டாயமாக்கப்பட்டது. கார் ஓட்டுநர் தேர்வும் அதே நாளில்தான் கட்டாயமானது. ஆனால் இரண்டுக்கும் தொடக்கத்திலேயே ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. காரில் தேர்வு அதிகாரி ஓட்டுபவரின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கை, கால், கண் மூன்றையும் கவனிக்க முடியும். மோட்டார் சைக்கிளில் அதிகாரிக்கு இடமில்லை. பின்னிருக்கையில் ஏறிக்கொண்டால் வண்டியின் சமநிலையே மாறிவிடும்; பழகுநரை நம்பி அவர் தம் உயிரையும் பணயம் வைக்க நேரும். பக்கத்தில் இல்லாமல் ஒருவருடைய ஓட்டும் திறனை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சரியான விடை கிடைக்கவில்லை. இந்தத் தேர்வின் வரலாறு பெரும்பாலும் அந்த விடையைத் தேடிய வரலாறுதான்.

தேர்வில்லாத காலம்

1903 ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டிகளுக்குப் பதிவெண்ணும் ஓட்டுநருக்கு உரிமமும் வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. உரிமம் பெற ஐந்து ஷில்லிங் கட்டினால் போதும். ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கார் ஓட்ட வயது 17 ஆகியிருக்க வேண்டும், மோட்டார் சைக்கிளுக்கு 14 போதும். பள்ளியில் படிக்கும் சிறுவன் சட்டப்படி மோட்டார் சைக்கிளில் சாலைக்கு வரலாம் என்பதே இதன் பொருள். 1930 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் இந்த வயதை 16 ஆக உயர்த்தியது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதும் அச்சட்டமே. ஆனால் அதே சட்டம் மணிக்கு 20 மைல் என்று இருந்த பொதுவான வேக வரம்பையும் நீக்கிவிட்டது.

1934 இல் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் இறந்தனர். அன்று அந்நாட்டில் ஓடிய வண்டிகளின் எண்ணிக்கை இன்றைய எண்ணிக்கையின் ஒரு சிறு பங்குதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்பது புரியும். அந்த ஆண்டே புதிய சாலைப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தபோது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வேக வரம்பும், புதிய ஓட்டுநர்களுக்குத் தேர்வும் அப்போது வந்தவை. 1934 ஏப்ரல் 1 ஆம் நாளுக்கு முன்பே ஓட்டத் தொடங்கியவர்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

தேர்வு கட்டாயமாவதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன், உலகம் அறிந்த ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து நிகழ்ந்தது. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அழைக்கப்பட்ட டி. இ. லாரன்ஸ், 1935 மே 13 அன்று டார்செட் மாவட்டத்தில் தம் வீட்டுக்கு அருகே பிரஃப் சுப்பீரியர் வண்டியில் சென்றபோது எதிர்பாராமல் முன்னே தென்பட்ட இரண்டு சைக்கிள் சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள்கள் கழித்து இறந்தார். அவர் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். தேர்வு முன்பே வந்திருந்தாலும் அவரை அது தொட்டிருக்காது. அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ் பின்னர் மோட்டார் சைக்கிள் விபத்துகளில் தலைக்காயம் பற்றி ஆராய்ந்து தலைக்கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். பொதுமக்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது 1973 இல்தான்.

நடைபாதையில் நின்ற அதிகாரி

தொடக்கத்தில் தேர்வு மையங்கள் என்று எவையும் இல்லை. தேர்வரும் அதிகாரியும் ரயில் நிலையம், பூங்கா வாசல், நகர மன்றம் போன்ற இடங்களில் சந்தித்துக்கொள்வார்கள். கட்டணம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். அந்தத் தொடக்கக் காலத்தில் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் சேர்த்துத் தேர்ச்சி 63 விழுக்காடாக இருந்தது. தேர்ச்சி பெறாதவர் வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை மாட்டிக்கொள்ள வேண்டும் என்ற விதியும் 1935 இல் வந்தது. இந்தியாவில் இன்றும் பழகுநர் வண்டியில் காணப்படும் சிவப்பு 'எல்' எழுத்துக்கு மூலம் இதுவே.

மோட்டார் சைக்கிள் தேர்வுக்குத் தயாராவது பெரும்பாலும் தானே பழகுவதுதான். அண்ணனோ நண்பனோ கிளட்சையும் கியரையும் காட்டிக் கொடுப்பார்; மற்றதைச் சாலை கற்றுக்கொடுக்கும். ஒரு பென்னிக்கு விற்ற நெடுஞ்சாலை விதிநூலைப் படித்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து வாய்மொழியாகக் கேள்விகள் வரும். திரும்புவதற்கும் நிற்பதற்கும் கையால் சைகை காட்டப் பழகியிருக்க வேண்டும்.

தேர்வு நாளில் அதிகாரி தெருமுனையில் நின்றுகொண்டு, எந்தெந்தத் தெரு வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். தேர்வர் கண்ணுக்கு மறைந்துவிட்டால் அவர் என்ன செய்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அதிகாரி குறுக்குத் தெரு வழியாக நடந்து வேறொரு முனைக்குச் சென்று, அவர் கடந்து செல்லும் சில நொடிகளைக் கவனித்துக் குறித்துக்கொள்வார். அவசரமாக நிறுத்தும் திறனைச் சோதிக்க, முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, தேர்வர் நெருங்கும்போது நடைபாதை ஓரத்திலிருந்து கையை உயர்த்திக் காட்டுவார். வேறு யாரோ ஒருவருடைய வண்டியைத் தேர்வரின் வண்டி என்று நினைத்து அதிகாரி சாலையில் இறங்கிவிட்டதாகப் பிரிட்டன் மோட்டார் சைக்கிள்காரர்களிடையே பல ஊர்க் கதைகள் உண்டு. எல்லாக் கதைகளும் உண்மையாக இருக்க வேண்டியதில்லை. தேர்வை மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவை காட்டுகின்றன.

இரண்டாம் உலகப் போரின்போது தேர்வுகள் நிறுத்தப்பட்டு, 1946 நவம்பரில் மீண்டும் தொடங்கின. சூயஸ் நெருக்கடியால் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, 1956 நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை மறுபடியும் நின்றன. இந்த இடைவெளிகள் தவிர, நடைபாதையில் நின்று பார்க்கும் முறை ஏறக்குறைய மாறாமலே தொடர்ந்தது.

'எல்' பலகையுடன் எவ்வளவு பெரிய வண்டி?

தேர்வு எளிதாக இருந்தது ஒரு குறை. தேர்வே எழுதாமல் காலம் தள்ள முடிந்தது அதைவிடப் பெரிய குறை. தற்காலிக உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். 'எல்' பலகையுடன் தனியாக வேலைக்குப் போய்வருபவருக்கு முழு உரிமத்தின் தேவை பெரிதாகத் தெரிவதில்லை. பின்னால் ஆள் ஏற்ற முடியாது என்பதே முக்கியமான தடை; அதிலும் பின்னால் உட்காருபவர் முழு உரிமம் உள்ளவரானால் ஏற்றலாம். 1950களில் பழகுநருக்கு வண்டியின் திறனிலும் வரம்பில்லை. 1959 இல் வந்த 650 சிசி டிரையம்ஃப் பான்வில் போன்ற வண்டியைக்கூட, கையில் பணமிருந்தால், 16 வயதுப் பையன் தற்காலிக உரிமத்துடன் சாலையில் ஓட்டலாம்.

இளைஞர்களின் விபத்துச் சாவுகள் பத்திரிகைகளில் பெரும் பேச்சான பின், 1961 இல் பழகுநருக்கு 250 சிசி என்ற வரம்பு வந்தது. சைட்கார் இணைத்த வண்டிகளுக்கு இந்த வரம்பு இல்லை. வண்டி செய்பவர்கள் இந்த வரம்பை ஒரு சந்தையாகவே கண்டார்கள். 1960களின் நடுவில் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் பழகுநர்களை மனத்தில் வைத்து 'கான்டினென்டல் ஜிடி' என்ற 250 சிசி பந்தய வடிவ வண்டியை விற்றது. பிற்காலத்தில் சென்னையில் தயாரிக்கப்பட்ட கான்டினென்டல் ஜிடி வண்டிகள் அந்தப் பெயரையே தாங்கியவை. 1978 இல் வந்த சுசூகி ஜிடி 250 எக்ஸ்7 வண்டி மணிக்கு 100 மைல் செல்லும் என்றே விளம்பரம் செய்யப்பட்டது. சட்டம் அளந்தது சிலிண்டரின் கொள்ளளவை, வேகத்தை அல்ல.

1971 இறுதியில் 16 வயதினருக்கு மோட்டார் சைக்கிள் மறுக்கப்பட்டு, 50 சிசிக்கு உட்பட்ட மொபெட் மட்டும் அனுமதிக்கப்பட்டபோதும் இதே கதைதான். மொபெட் என்றால் மிதிகட்டை இருக்க வேண்டும். யமஹா எஃப்எஸ்1-இ வண்டியில் மிதிகட்டை இருந்தது. மற்றபடி அது எல்லா வகையிலும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள். அந்தத் தலைமுறைப் பையன்களின் கனவு வண்டியாக அது ஆனது. 1977 இல் மொபெட்டின் வேகம் மணிக்கு சுமார் 30 மைலுக்குள் இருக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது.

பின்தொடர்ந்த அதிகாரி

1981 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இந்த ஓட்டைகளை அடைக்க முயன்றது. 1982 முதல் தேர்வு இரண்டாகப் பிரிந்தது. முதற்பகுதி சாலைக்கு வெளியே, மூடிய திடலில் வண்டியைக் கையாளும் திறனைப் பார்த்தது. இரண்டாம் பகுதி சாலையில். தற்காலிக உரிமத்தின் காலம் இரண்டு ஆண்டு என்று வரையறுக்கப்பட்டது. அதற்குள் தேர்ச்சி பெறாதவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 1983 இல் பழகுநருக்கான வரம்பு 125 சிசியாகக் குறைந்தது. இம்முறை எஞ்சினின் குதிரைத்திறனுக்கும் வரம்பு வைத்தார்கள். முந்தைய இருபது ஆண்டுகளின் பாடம் வீண்போகவில்லை.

நடைபாதைப் பிரச்சினை தீர்ந்தது 1980களின் இறுதியில். அதிகாரி தாமும் மோட்டார் சைக்கிளில் ஏறித் தேர்வரைப் பின்தொடரலானார். தேர்வரின் காதில் ஒரு வானொலிக் கருவி. அதன் வழியாக 'அடுத்த இடப்பக்கம் திரும்புக' என்பது போன்ற குறிப்புகள். இதனால் தேர்வின் உள்ளடக்கமே மாறிப்போனது. தெருமுனையில் நிற்பவருக்கு வண்டி நேராகப் போகிறதா, சைகை காட்டப்பட்டதா என்பதுதான் தெரியும். பின்னால் வருபவருக்கு ஓட்டுபவரின் தலை அசைவு முழுவதும் தெரியும். திரும்புவதற்குச் சற்று முன் தோளுக்கு மேலாக ஒருமுறை திரும்பிப் பார்ப்பதைப் பிரிட்டன் பயிற்சியாளர்கள் 'உயிர்காக்கும் பார்வை' என்ற பொருளில் குறிப்பிடுவார்கள். கண்ணாடியில் தெரியாத மறைவிடத்தில் வண்டி ஏதும் வருகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். அதைச் செய்தாரா, எந்தக் கணத்தில் செய்தார் என்பதை அதிகாரி அப்போதுதான் முறையாகக் கவனிக்க முடிந்தது.

1990 டிசம்பர் 1 முதல் அடிப்படைப் பயிற்சி கட்டாயமாயிற்று. பழகுநர் தனியாகச் சாலைக்கு வருவதற்கு முன்பே இதை முடிக்க வேண்டும். வண்டியின் பாகங்களை அறிவது, தள்ளிச் சென்று நிறுத்துவது, திடலில் எட்டு வடிவில் ஓட்டுவது, திரும்பி வருவது, அவசரமாக நிறுத்துவது, பிறகு பயிற்சியாளருடன் குறைந்தது இரண்டு மணி நேரம் சாலையில் ஓட்டுவது என்று பயிற்சி வளரும். இதில் வெற்றி தோல்வி கிடையாது. பயிற்சியாளருக்கு நம்பிக்கை வந்தால் சான்றிதழ் தருவார், இல்லையென்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார். பள்ளிக்கூடத்தை விடப் பட்டறை முறைக்கு நெருக்கமான ஏற்பாடு இது. பழகுநர் பின்னால் ஆள் ஏற்றுவதும் அப்போதே முற்றிலும் தடை செய்யப்பட்டது.

விதிநூல் கேள்விகள் 1996 இல் தனி எழுத்துத் தேர்வாயின. திரையில் ஓடும் காட்சியைப் பார்த்து ஆபத்து உருவாவதை முன்கூட்டியே உணரும் சோதனை 2002 இல் சேர்ந்தது.

மணிக்கு 50 கிலோமீட்டர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டளைப்படி 2009 ஏப்ரல் 27 முதல் செய்முறைத் தேர்வு மாட்யூல் 1, மாட்யூல் 2 என்று பிரிந்தது. மாட்யூல் 1 திடலில் நடப்பது. வண்டியைத் தள்ளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பின்னோக்கி நகர்த்துவது, கூம்புகளுக்கிடையே வளைந்து செல்வது, எட்டு வடிவம், நடக்கும் வேகத்தில் மெதுவாக ஓட்டுவது, காலூன்றாமல் முழுத் திருப்பம் என்பவை முதலில் வரும். பிறகு மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பயிற்சிகள்: ஒன்று அவசர நிறுத்தம், மற்றது எதிரில் தடை இருப்பதாகக் கொண்டு சட்டென விலகிச் செல்வது. வேகத்தைக் கருவி அளக்கும். லாரன்ஸ் கடைசியாகச் செய்ய முயன்றது இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அது தேர்வில் இடம்பெற 74 ஆண்டுகள் ஆயின.

50 கிலோமீட்டர் என்பது 31 மைல். பிரிட்டனின் ஊர்ச் சாலைகளில் அப்போது வரம்பு 30 மைல். அந்த ஒரு மைலால் இப்பயிற்சியைச் சாதாரணத் தெருவில் நடத்த முடியாமல் போயிற்று; பெரிய திடல் கொண்ட புதிய மையங்கள் தேவைப்பட்டன. போதுமான மையங்கள் தயாராகாததால், 2008 செப்டம்பரில் வரவேண்டிய தேர்வு ஏழு மாதம் தள்ளிப்போனது. வந்த பிறகும் பலர் வெகுதூரம் பயணம் செய்து தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. இன்னும் முழு உரிமம் இல்லாத ஒருவரைப் பாதுகாப்புத் தேர்வுக்காக நெடுந்தூரம் சாலையில் வரவழைப்பதில் உள்ள முரண்பாட்டை மோட்டார் சைக்கிள் அமைப்புகள் சுட்டிக்காட்டின. நாடாளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 2010 இல் இத்தேர்வை ஆராய்ந்து, நடைமுறைப்படுத்திய விதத்தைக் கண்டித்தது.

மாட்யூல் 2 சாலையில் சுமார் 40 நிமிடம் நடப்பது. முதலில் 20 மீட்டர் தொலைவில் உள்ள வண்டியின் எண் பலகையைப் படித்துக் காட்ட வேண்டும். பிறகு பழையபடி அதிகாரி பின்னால், வானொலி காதில். சிறு தவறுகள் பத்து வரை மன்னிக்கப்படும். மாட்யூல் 1 இல் ஐந்து வரை. பெருந்தவறு ஒன்று போதும், தோல்வி.

2013 ஜனவரி 19 முதல் உரிமமும் படிப்படியாக ஆக்கப்பட்டது. 17 வயதில் 125 சிசி, 11 கிலோவாட் வரையிலான வண்டி. 19 இல் 35 கிலோவாட் வரை. வரம்பில்லாத வண்டிக்கு 24 வயது. இடைநிலை உரிமத்தை இரண்டு ஆண்டு வைத்திருந்தவர் மட்டும் 21 இல் வரம்பில்லாத உரிமத்துக்கு முயலலாம். ஒவ்வொரு படிக்கும் செய்முறைத் தேர்வின் இரண்டு பகுதிகளையும் புதிதாகவே எழுத வேண்டும். 17 வயதில் தொடங்கி 21 இல் பெரிய வண்டியை அடைய விரும்பும் ஒருவர், அதே கூம்புகளுக்கிடையே மூன்று முறை எட்டுப் போட்டாக வேண்டும்.