கடலில் இறங்கிய பட்டம்



போன வாரம் என்னிடம் படித்த ஒரு மாணவனின் அம்மா போன் செய்தார். "டீச்சர், இவன் லீவு கிடைச்சா ராமேஸ்வரம் போயி, பட்டத்த இடுப்புல கட்டிக்கிட்டு கடல்ல ஓடுறானாம். நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறான். நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுங்க டீச்சர்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

அவன் ஏற்கெனவே எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். காலில் ஒரு பலகை, இடுப்பில் அகலமான பெல்ட், கையில் ஒரு குறுக்குத்தடி. அதிலிருந்து நீளும் கயிறுகளின் முனையில் பிறை நிலாவைப் போல ஒரு பெரிய பட்டம். கைட் சர்ஃபிங் என்று பெயராம்.

எனக்குத் தெரியாத ஒன்றை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

பட்டத்தின் பின்னால் நீரில் போனவர்களில் நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார். இடி மின்னலையும் பட்டத்தையும் சேர்த்து நாம் பாடத்தில் படித்த பெஞ்சமின் பிராங்க்ளின்தான். சிறுவனாக இருந்தபோது, பட்டக் கயிறு கட்டிய குச்சியைப் பிடித்துக்கொண்டு ஒரு குளத்தில் மல்லாந்து படுத்திருக்கிறார். பட்டம் அவரை அக்கரைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. துணிகளைத் தூக்கிக்கொண்டு நண்பன் கரையோரமாக நடந்து வந்தானாம். வயதான பிறகு ஒரு கடிதத்தில் இதை எழுதிய பிராங்க்ளின், ஒரு நுட்பத்தையும் குறிப்பிடுகிறார். பட்டத்தின் பின்னால் வேகமாகப் போனால் அது தாழ்ந்துவிடும். அப்போது சற்று நின்று எதிர்த்துப் பிடித்தால் மறுபடி எழும். இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலே வரைகூட இப்படிப் போக முடியும் என்று தோன்றுகிறது, ஆனாலும் கப்பலே மேல் என்று வேடிக்கையாகவும் சேர்த்திருக்கிறார்.

ஆனால் பிராங்க்ளினால் காற்று போகும் திசையில்தான் போக முடிந்தது. பட்டத்தைத் திருப்ப வழி கண்டவர் வேறொருவர். அவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது!

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளி நடத்திய ஜார்ஜ் போகாக் என்பவர், 1824இல் 30 அடிப் பட்டத்தில் நாற்காலி கட்டித் தன் மகள் மார்த்தாவை அதில் உட்காரவைத்து 270 அடி உயரத்துக்கு ஏற்றியிருக்கிறார். (அந்தப் பெண்தான் பிற்காலத்தில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸின் அம்மா.) 1826இல் குதிரைக்குப் பதிலாகப் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் குதிரைகளை எண்ணித்தான் சாலைச் சுங்கம் வாங்குவார்கள். இவர் வண்டியில் குதிரையே இல்லாததால் சுங்கமும் இல்லை. நம் பள்ளிப் பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள்.

அவருடைய சாதனை நான்கு கயிறுகள். நாம் விடும் காற்றாடிக்கு ஒரு கயிறுதான். சூத்திரம் எப்படிக் கட்டினோமோ அப்படியே அது பறக்கும். போகாக் நான்கு கயிறுகளால் பட்டத்தை இடம் வலமாகத் திருப்பவும், இழுவையைக் கூட்டிக் குறைக்கவும் வழி செய்தார். இன்று என் மாணவன் பிடித்திருக்கும் தடியிலும் பெரும்பாலும் நான்கு கயிறுகள்தான்.

பிராங்க்ளின் வேடிக்கையாகச் சொன்னதை 1903இல் ஒருவர் செய்தே காட்டிவிட்டார். சாமுவேல் கோடி என்ற அமெரிக்கர், பட்டம் இழுத்த சிறு படகில் கலேயிலிருந்து டோவருக்குக் கால்வாயைக் கடந்தார். பட்டத்தில் ஆளை ஏற்றி எதிரியை வேவு பார்க்கலாம் என்று பிரிட்டிஷ் படைகளுக்கு நிரூபிக்க முயன்றுகொண்டிருந்தவர் அவர். பிறகு அவரே விமானத்தின் பக்கம் போய்விட்டார். உலகமும் அப்படியே போய்விட்டது.

சரி, இழுக்கவும் தெரிந்தது, திருப்பவும் தெரிந்தது. பிறகு ஏன் இந்த விளையாட்டு இவ்வளவு காலம் வரவில்லை? இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை, நீரில் விழுந்த பட்டம். கரையில் விழுந்தால் ஓடிப்போய் எடுத்துத் திரும்ப ஏற்றலாம். நடுக்கடலில் விழுந்தால் துணி நனைந்து நீரோடு ஒட்டிக்கொள்ளும். யார் போய்த் தூக்கிவிடுவது? பிரான்சின் பிரிட்டனி கடற்கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகெய்னூ என்ற சகோதரர்கள் இதற்கு விடை கண்டு 1984 நவம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். பட்டத்தின் முன் விளிம்பிலும் குறுக்கேயும் காற்றடைத்த குழாய்களை வைத்தார்கள். விழுந்தாலும் அது வளைவு மாறாமல் மிதக்கும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் ஒரு நுனி காற்றைப் பிடிக்கும். மெல்ல உருண்டு ஓரத்துக்கு வந்து தானே எழும். எளிய யோசனை, ஆனால் அதை வாங்க ஆளில்லை. பல ஆண்டுகள் காத்திருந்து, 1997இல்தான் விபிகா என்ற பெயரில் தாங்களே விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கிடையே அமெரிக்காவில் ரோஸ்லர் என்ற தந்தையும் மகனும், விழுந்த பட்டத்தின் கயிற்றைச் சுருட்டி அருகே இழுத்து மறுபடி ஏற்றும் வேறொரு முறையை உருவாக்கியிருந்தார்கள். மிதக்கும் குழாய்தான் நிலைத்தது.

இரண்டாவது தடைதான் உயிரைக் குடித்தது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னால், இரண்டு இரண்டு நான்கு. அமைதியாக இழுத்துக்கொண்டிருந்த பட்டம், திடீரென ஒரு வீச்சுக் காற்று வந்ததும் ஆளையே தூக்கிவிடும். தொடக்க காலப் பட்டங்களில் இழுவையைக் கொஞ்சம் குறைக்கலாம், முழுதாக நிறுத்த முடியாது. கரையிலும் கற்களிலும் மோதி இறந்தவர்கள் உண்டு. மாணவனின் அம்மா பயந்தது வெறும் பயமில்லை.

2005 வாக்கில் அதே புருனோ லெகெய்னூ வடிவத்தை மாற்றினார். பட்டத்தின் வளைவைக் குறைத்து, முன் விளிம்பில் சூத்திரக் கயிறுகள் சேர்த்தார். இப்போது தடியை முன்னே தள்ளிவிட்டால், பட்டம் காற்றை எதிர்க்காமல் வழுக்கிவிடும். இழுவை ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். அதற்கும் மேலே ஆபத்து வந்தால், இடுப்பருகே உள்ள கொக்கியை விடுவிக்கலாம். அப்போது பட்டம் ஒற்றைக் கயிற்றில் கொடிபோல் துவண்டு விழும்.

பட்டத்தைக் கையாளும் விதம் இதுதான். எதிரே ஒரு பெரிய கடிகாரம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம் தலைக்கு நேர் மேலே 12 மணியில் இருந்தால் இழுவை குறைவு. 9 மணி, 3 மணி ஓரங்களிலும் குறைவு. கடிகாரத்தின் நடுவே, காற்று போகும் திசையில் நேர் எதிரே இறங்கினால்தான் முழு பலம். தடியின் வலப்பக்கத்தை இழுத்தால் பட்டம் வலப்பக்கம் திரும்பும். தடியைத் தன்பக்கம் இழுத்தால் இழுவை கூடும், தள்ளினால் குறையும்.

இங்கேதான் மனித சுபாவம் குறுக்கே வருகிறது. பயந்தவன் என்ன செய்வான்? கையில் இருப்பதை இறுகப் பிடித்துத் தன்பக்கம் இழுப்பான். பட்டமோ இன்னும் பலமாக இழுக்கும். அவன் இன்னும் பயந்து இன்னும் இழுப்பான். அதனால் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, பயந்தால் தடியை விடு என்பதுதான்.

படிக்கும்போது என் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டேன். பத்து வயதில் அண்ணனின் காற்றாடியை ஒருநாள் வாங்கிப் பிடித்தேன். காற்று வலுத்தது. "விடுடி, விடுடி" என்று அண்ணன் கத்தினான். விட்டால் காற்றாடி போய்விடுமே என்று இறுக்கினேன். மாஞ்சா அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது.

2024 ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாக இடம்பெற்றது. மார்செய் கடலில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றான், அதுவும் அவர்கள் தேசிய தினமான ஆகஸ்ட் 9 அன்று. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவினர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும்.

நேற்று மாணவனுக்குப் போன் செய்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று கேள்விகள் கேட்டேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும்போது இறங்குவாயா? (அப்படி அடித்தால் ஆளை வெளியே கொண்டுபோய்விடும்.) நீ இறங்கும்போது உன்னைப் பார்த்துக்கொள்ள ஆளும் படகும் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கொக்கியை விடுவிப்பாயா? முதல் இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னான். மூன்றாவதற்குக் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஒரே ஒரு தடவை செஞ்சு பாத்தேன் டீச்சர்" என்றான். "நூறு தடவை செய். அப்புறம் அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் கரையில நிக்கவச்சு, அவங்க முன்னாடி ஒரு தடவை செஞ்சு காட்டு" என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறான்.

அவன் அம்மாவிடமும் பேசினேன். இன்னும் முழுச் சம்மதமில்லை. ஆனால் கரையில் வந்து நிற்கிறேன் என்றார்.

உங்களில் யாராவது இதைப் பழகியிருந்தால் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நான் எங்காவது தவறாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். எல்லோரும் நலமுடன் இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்