ராயபுரமும் திருவொற்றியூரும்: பேராணை அதிகாரத்தின் எல்லை

1950-க்கு முன் ராயபுரம் சென்னைப் பட்டண எல்லைக்குள் இருந்தது. அதற்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள திருவொற்றியூரும் எண்ணூரும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1708-இல் நவாப் தாவூத் கான் கும்பினியாருக்கு அளித்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூர் ஒன்று. ஆயினும் அது பட்டணத்தில் சேரவில்லை. அரசு அலுவலகத்தின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் பேராணை கேட்பதற்கு இந்த எல்லைக்கோடே தடையாக நின்றது.

பேராணைகள் இடைக்கால இங்கிலாந்திலிருந்து வந்தவை. திருவொற்றியூர்க் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் பல உண்டு. ஆனால் இந்த அதிகாரத்தின் மூலம் அவையல்ல. 1215-இல் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தின் 39-ஆம் பிரிவு, முறையான தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சுதந்திர மனிதர் எவரையும் சிறைப்படுத்தக் கூடாது என்றது. பண்ணையடிமைகள் இதில் அடங்கவில்லை. மக்களாட்சியின் பிறப்பு என்று இதைப் புகழ்வது மிகை. பிரபுக்கள் தமக்காகப் பெற்ற சாசனம் அது. ஆட்கொணர்வுப் பேராணையும் அதில் இல்லை. மன்னரின் நீதிமன்றங்களில் தனியே வளர்ந்த அந்த நடைமுறையை 17-ஆம் நூற்றாண்டு வழக்கறிஞர்களே சாசனத்தோடு இணைத்தனர்.

1800-ஆம் ஆண்டு அரச சாசனம் சென்னையில் உச்ச நீதிமன்றத்தை நிறுவி, இங்கிலாந்தின் கிங்ஸ் பெஞ்ச் நீதிபதிகளுக்குரிய அதிகாரத்தை அதற்கு அளித்தது. அந்த அதிகாரம் பட்டணத்துக்குள் அனைவருக்கும் உரியது. வெளியே பிரித்தானியப் பிரசைகளுக்கு மட்டும். எண்ணூரில் தங்கிய வெள்ளையருக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்பு அங்கே வலை வீசிய மீனவருக்குக் கிடையாது. சுதந்திர மனிதன், பண்ணையடிமை என்ற பழைய பிரிவினை வேறு உருவில் கடல் கடந்து வந்தது எனலாம். 1862-இல் தொடங்கிய உயர் நீதிமன்றம் இந்த வரம்பையும் சேர்த்தே பெற்றது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் ஆட்கொணர்வு நிவாரணத்தை மட்டும் மாவட்டங்களுக்கு நீட்டியது.

மற்றப் பேராணைகளின் நிலையைப் பர்லாக்கிமிடி வழக்கு காட்டுகிறது. கஞ்சம் மாவட்ட ரயத்துகள், தங்கள் குத்தகையை உயர்த்திய வருவாய் வாரியத்தின் ஆணையை ரத்து செய்யக் கோரினர். வாரியத்தின் அலுவலகம் சென்னையிலேயே இருந்தது. நிலமும் குடியானவர்களும் பட்டணத்துக்கு வெளியே இருப்பதால் உயர் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 1943-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவு இந்தக் கோட்டை அழித்தது. உயர் நீதிமன்றத்தின் பேராணை மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று. திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்ததோ 2011-இல்தான்.

பேராணை கிடைத்தாலும் எதை வைத்து அளப்பது என்ற கேள்வி எஞ்சியது. சென்னை அரசு தம்மைத் தடுப்புக்காவலில் வைத்ததை எதிர்த்து ஏ. கே. கோபாலன் தொடுத்த வழக்கில், சட்டமன்றம் இயற்றிய சட்டம் இருந்தால் போதும், அது நியாயமானதா என்று நீதிமன்றம் ஆராயாது என 1950-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை கூறியது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான் அந்த நிலைப்பாடு மாறியது.