அபின் நஞ்சும் பினாங்கும்

பினாங்குத் தீவின் பழந்தெருக்களுள் சூலியா தெருவும் ஒன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முசுலிம்களின் பெயரால் வழங்குவது. கேம்பிரிட்சில் மருத்துவம் பயின்று 1903இல் மலாயாவுக்குத் திரும்பிய வூ லியன் தே என்னும் சீன இளைஞர் இத்தெருவிலேதான் தம் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். 1879இல் இவ்வூரிலேயே பிறந்தவர் அவர்.

அந்நாளில் அபின் குற்றப் பொருளன்று. அரசின் கருவூலப் பொருள். 1786இல் பிரான்சிசு லைட் இத்தீவில் கொடியேற்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. கல்கத்தாவில் ஏலம் போன வங்காளத்து அபின் கப்பலேறி வந்து, சண்டுவாகக் காய்ச்சப்பட்டுக் கடைகளுக்குச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் வருவாயில் ஏறத்தாழப் பாதி இதனாலேயே கிடைத்தது. மூட்டை சுமந்த கூலியின் உடல்வலியே அரசாங்கத்தின் வருமானமாயிற்று எனில் மிகையாகாது.

அளவு மீறிய அபின் மூச்சை அடக்கிக் கொல்லும். கண்மணி ஊசிமுனையளவாகச் சுருங்கும். உதடு நீலம் பாரிக்கும். பழைய மருத்துவர் நோயாளியை உறங்க விடாது அறைக்குள் நடத்தினர்; கடுங்காப்பி புகட்டினர்; இரைப்பையைக் கழுவினர். 1894இல் நியூயார்க்கில் வில்லியம் மூர் என்னும் மருத்துவர் மார்பினைத் தாமே விழுங்கி, உடனே பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு நீரைக் குடித்து உயிர்பிழைத்துக் காட்டினார். ஆயினும், குருதியில் ஏறிவிட்ட நஞ்சை அந்நீரால் துரத்த இயலாது.

1906ஆம் ஆண்டையொட்டி மலாயாக் காட்டிலிருந்து ஒரு கொடியின் புகழ் பரவியது. அதன் இலையை வறுத்துக் காய்ச்சிய குடிநீர் அபின் பழக்கத்தைப் போக்கும் என்றனர். அபின் கலந்த குடிநீர்ப் புட்டியில், குடிக்குந்தோறும் கலப்பற்ற குடிநீரை ஊற்றி நிரப்புவர். நாளடைவில் அபின் குறையும், பழக்கமும் தளரும். குணப்படுத்தியது இலையன்று, சிறுகக் குறைத்த அளவே என்று கருதுவதே பொருத்தம்.

அதே 1906இல் வூ லியன் தே பினாங்கு அபின் எதிர்ப்புச் சங்கத்தின் தலைவராக நின்று, ஈப்போவில் மாநாடும் கூட்டினார். மறு ஆண்டு அவருடைய மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருந்துக்கென வைத்திருந்த ஓர் அவுன்சு அபின் கரைசல் அகப்பட, உரிமமின்றி வைத்திருந்தார் என நூறு வெள்ளி தண்டம் விதிக்கப்பட்டது. ஊருக்கே அபின் விற்ற அரசு, அபினை எதிர்த்தவரை அபினுக்காகத் தண்டித்தது! அவர் சீனம் சென்றார். 1910–11இல் மஞ்சூரியாவின் கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார். அபின் குத்தகையோ 1910இல் அரசின் நேரடித் தனியுரிமையாக மாறியதேயன்றி ஒழியவில்லை.

1960 சனவரியில் வூ பினாங்கிலேயே மறைந்தார். மறு ஆண்டு, நியூயார்க்கில் லெவன்சுடைனும் ஃபிசுமனும் நலோக்சோனுக்குக் காப்புரிமை கோரினர். மூளையில் மார்பின் பற்றிய இடத்தைப் பறித்துக்கொள்ளும் உண்மையான நச்சுமுறி அது. ஊசியேற்றிய சில நிமிடங்களில் மூச்சு மீளும். ஆனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒரு மணி நேரமே நிற்கும். நஞ்சு அதனினும் நீடித்தால் மயக்கம் திரும்பும். ஆதலின் கண் விழித்தவனை உடனே வீட்டுக்கு அனுப்பலாகாது.

1994இல் பினாங்கிலுள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் தொடங்கப்பட்டது. எந்த நஞ்சுக்கு எந்த முறிமருந்து என மருத்துவரும் பொதுமக்களும் தொலைபேசியில் கேட்டறிய வழி பிறந்தது, அபின் குத்தகையால் வளர்ந்த அதே தீவிலேதான்.